இடப்பக்கத்து முடிச்சுகள்

எசன் ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்க நாள் குறித்து வாங்கிய டெர்மினை ரத்துச் செய்யப்போவதாக ஞானசுந்தரம் சொன்னது ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஜேர்மனியில் வுப்பர்டால் நகரத்துத் தொங்குரயிலுக்குள். அவர் மடியில், அவர் செய்துகொண்டிருந்த மாதிரிக் கப்பல் வைத்த பெட்டி இருந்தது. கப்பல் ஆடாமல் இருக்கப் பெட்டியின் மறுபக்கத்தை வத்சலா பிடித்திருந்தாள்.

“திங்கக்கிழமை காலமை போன் எடுத்துச் சொல்லிவிடுறன். கை திருந்தி வருது. பிறகேன் மண்டையிலை ஓட்டை போடவேணும்?”

வத்சலாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கை நடுக்கத்தை நிறுத்தப் புருஷனின் தலையில் துளை போட்டு இரண்டு மெல்லிய கம்பி இறக்குவார்கள், அதுவும் அவர் முழித்திருக்கும்போதே இறக்குவார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கும் ஒழுங்காக நித்திரையில்லை. ஆனால் ரயில் அடுத்த தரிப்பிடத்துக்குப் போய்ச் சேருமுன் அந்த நிம்மதி ஓடிவிட்டது. அவர் கை திருந்தவில்லை. ஒரு பொட்டுக்கூடத் திருந்தவில்லை, இன்னும் மோசமாகித்தான் போயிருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் திருந்தினதுபோலக் காட்டிக்கொண்டிருந்தவளே அவள்தான்.

ஞானசுந்தரம் ரெம்ஷைட்டில் ஒரு கருவித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் கடைசல் மெசினில் நின்றவர். மயிரிழை என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். இவர் மயிரிழையை உண்மையாகவே அளந்து, அதில் பாதி கூடிப்போச்சு என்று சாமானைத் திருப்பி அனுப்புகிற ஆள். அப்படிப்பட்ட மனிதனின் வலது கை ஆறு வருஷத்துக்கு முன் நடுங்கத் தொடங்கியது. கொஞ்ச நாளில் இடது கையும் துணைக்கு வந்தது. மடியில் சும்மா கிடக்கும்போது ஒன்றுமில்லை. ஒரு காரியத்துக்கென்று தூக்கினால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். மருந்து இரண்டு வருஷம் கேட்டது, பிறகு அதற்கும் அலுத்துவிட்டது.

கரண்டி வாய்க்குப் போகுமுன் பாதிச் சோறு சட்டையில் கொட்டும். அதனால் கலியாண வீடு, சாமத்திய வீடு எங்கே போனாலும் “நான் இண்டைக்கு விரதம்” என்றுவிடுவார். திங்களும் விரதம், புதனும் விரதம், சனியும் விரதம். ஞானம் அண்ணைக்குப் பக்தி முற்றிவிட்டது என்று சனம் நம்பியது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகு வத்சலா பிசைந்து ஊட்டிவிடுவாள். ஊட்டுவது அவளுக்குப் பாரமில்லை. அந்த நேரம் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருப்பதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

மகள் அஜிதா எட்டு மாதம் மாறி மாறிப் போன் எடுத்து, கடிதம் எழுதி, அலைந்து வாங்கிய டெர்மின் அது. வருகிற வியாழக்கிழமை. அன்றைக்குப் பரிசோதித்துத்தான் ஒப்பரேஷன் செய்வதா இல்லையா என்று முடிவெடுப்பார்கள். விட்டால் இன்னொன்று கிடைக்க ஒரு வருஷமாகும். அதற்குமேல் பிந்தினால் அவருடைய இதயம் ஒப்பரேஷனுக்கு இடம் கொடுக்காமல் போகலாம் என்று வீட்டு டொக்டர் சொல்லியிருந்தார். இத்தனையும் தெரிந்துகொண்டுதான் வத்சலா அந்த வேலையைச் செய்தாளா என்று கேட்டால், இல்லை. அவள் அந்தக் கப்பலில் ஒரே ஒரு வரிசை முடிச்சுக் கட்டத்தான் போனாள்.

கப்பலுக்கும் இந்த மனிதனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவர், கடலில் கால் நனைத்தது நாலைந்து தரம். ஜேர்மனிக்கு வந்ததும் விமானத்தில், எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியவர். ஒருநாள் பழைய சாமான் சந்தையில், யாரோ பாதியில் கைவிட்ட ஓர் இங்கிலிஷ் வணிகக் கப்பலின் மாதிரியைக் கண்டார். பாதியில் நிற்கிற வேலையைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் ஒரு அறை அத்தோடு போய்விட்டது.

அது கிழக்கிந்தியக் கொம்பனிக் கப்பல். இந்தியாவிலிருந்து மிளகும் துணியும், சீனாவிலிருந்து தேயிலையும் ஏற்றிப்போன வகை. அதை முடித்தபோது அவர் வத்சலாவைக் கூப்பிட்டு, பக்கவாட்டில் வரிசையாக இருந்த கறுப்புச் சதுரங்களைக் காட்டினார்.

“இதெல்லாம் பீரங்கி வாசல் எண்டு நினைப்பீர். அரைவாசிதான் உண்மை. மிச்சம் வெறும் பெயின்ட். தூரத்திலை வாற எதிரி பாத்துப்போட்டு, இது நேவிக் கப்பல் எண்டு பயந்து ஓடவேணும். அதுக்குத்தான்.”

“நல்ல கெட்டித்தனம்” என்றாள் வத்சலா. சோறு ஆறுகிறது என்ற கவலை அவளுக்கு.

இரண்டாவதாகத் தொடங்கியதுதான் நேவிக் கப்பல், முப்பத்திரண்டு பீரங்கி, மூன்று பாய்மரம். தொடங்கியபோது கை நன்றாக இருந்தது. உடலும் தளமும் முடிந்து கயிறு வேலைக்கு வந்தபோது கை கெட்டுவிட்டது. அந்தக் கயிறு வேலை லேசுப்பட்டதல்ல. பாய்மரம் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் தடித்த கயிறுகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். மாலுமிகள் ஏறுவதற்கு அவற்றின் குறுக்கே மெல்லிய கயிறுகளைப் படிபோலக் கட்டவேண்டும். குறுக்குக் கயிறு தடித்த கயிற்றைச் சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஓர் இரட்டைச் சுருக்கு போடவேண்டும். முழுக் கப்பலுக்கும் ஆயிரத்து எண்ணூறு சுருக்கு வரும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

நடுமரத்தின் இடப்பக்கத்தில் தொடங்கினார். ஒரு முடிச்சுக்கு இருபது நிமிஷம். போட்ட முடிச்சும் தொய்ந்து கிடந்தது. மாசி மாதத்தில் ஒருநாள் காலை, கைப்பயிற்சிக்குப் போக சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, “இந்தப் பக்கம் சரிவராட்டில் கப்பலைத் தூக்கிக் குப்பைக்குப் போடுறன்” என்றார். கோபத்தில் சொன்னால் பரவாயில்லை. மிக அமைதியாகச் சொன்னார். வத்சலா பயந்துவிட்டாள்.

அவர் போனபின் அறைக்குள் போய்ப் பார்த்தாள். கொடியில் ஈர உடுப்புப் போட்டதுபோல நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசியால் ஒரு முடிச்சைத் தளர்த்திப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்தது. இங்கிலிஷ்காரனுடைய சுருக்கு என்று இவ்வளவு நாளும் இவர் பெரிதாகச் சொன்னது அவள் கோயிலில் பூ கட்டப் போடுகிற சுருக்குத்தான். காம்பென்றால் மேலால் மாட்டிவிடலாம். இங்கே கயிற்றின் இரண்டு நுனியும் கட்டிக் கிடப்பதால் ஊசியால் சுற்றி எடுக்கவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். ஒரு வரிசையைத் திருத்திக் கட்டி, பசை தொட்டு வைத்தாள். ஐந்து நிமிஷம் போகவில்லை.

பின்னேரம் அவர் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். “பசை காய இறுகுது போலை” என்றார். அன்றைக்கு அவராகவே வானொலியைப் போட்டார்.

அந்த ஒன்றே போதுமென்றுதான் இருந்தாள். ஆனால் வானொலிச் சத்தம் வீட்டில் கேட்டு எவ்வளவு காலம். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் அவளுக்குப் பத்து மணிக்குத்தான் வேலை. அவருக்குச் செவ்வாயும் வியாழனும் எட்டு மணிக்குக் கைப்பயிற்சி. இரண்டு மாதம் போனது. அவர் கை சோரும்வரை இருந்து ஒரு நாளைக்கு மூன்று முடிச்சுப் போடுவார். அவள் அதில் தொய்ந்தவற்றை அவிழ்த்து, கூட இரண்டு வரிசையும் சேர்த்துக் கட்டிவிடுவாள். இத்தனை வரிசை எப்படி வந்தது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மயிரிழையை அளந்த மனிதன் எண்ணிப் பார்க்காமல் விட்டதை அவளும் யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் கப்பல் மாதிரிச் சங்கத்தில் மாதக் கூட்டம். அங்கே ஹெர் லோமான் என்று ஒருவர், பொய்ப்பல் செய்து ஓய்வுபெற்றவர், யாருக்கும் லேசில் நல்ல வார்த்தை சொல்லமாட்டார். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கத்தைக் கால் மணித்தியாலம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இவ்வளவு சுத்தமான கயிறு வேலை இந்த அறைக்குள் வந்ததில்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஞானசுந்தரம் சிரித்தார். கன்னம் இரண்டும் மேலே ஏற, பல் தெரிய, கலியாணப் படத்தில் இருப்பதுபோலச் சிரித்தார். வத்சலாவின் நெஞ்சு நிறைந்துபோனது. அந்தச் சிரிப்போடுதான் ரயிலில் ஏறி, ஒப்பரேஷன் வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்தாள். சொல்லாமல் விட்டால் அவர் தலையில் யாரும் கைவைக்கமாட்டார்கள். அவள் ஊட்டிவிடுவாள், அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், அப்படியே காலம் போகும். சாப்பாடு முடிந்து அவர் வாயைத் துடைத்துவிடும்போது, மூடியிருந்த அந்த இமைகளைப் பார்த்தாள். இனி ஏலாது என்று முடிவு செய்தாள்.

“இஞ்சேருங்கோ. அந்த முடிச்சுகள் நீங்கள் கட்டினதில்லை.”

அவர் கண்ணைத் திறந்தார். “எது?”

“இடப்பக்கம். நான் கட்டினது. நீங்கள் பயிற்சிக்குப் போற நேரத்திலை.”

அவர் எழும்பி அறைக்குள் போனார். அவளும் பின்னால் போய் வாசலில் நின்றாள். அவர் உருப்பெருக்கியை மேசையில் இருந்த தாங்கியில் மாட்டிக் குனிந்தார். சுருக்கின் மேலே குறுக்காக ஓடுகிற நூல் அவர் கட்டினால் ஒரு பக்கம் சரியும். வத்சலா பூக்கட்டுகிற பழக்கத்தில் வலக்கரையிலிருந்து தொடங்குவதால் அவளுடையது மற்றப் பக்கம் சரியும். பார்க்கத் தெரிந்தவனுக்கு அது இரண்டு பேருடைய கையெழுத்துப்போல இருக்கும்.

“இது என்ரை” என்றார். வெகுநேரம் கழித்து, “இது என்ரை.” விரல் நடுங்கி நடுங்கி ஒவ்வொரு வரிசையாக இறங்கியது. நானூறு முடிச்சில் அவருடையது பத்தொன்பது.

அவர் நிமிரும்போது முகம் கறுத்திருந்தது. அலுமாரிக்கு மேல் இருந்த மற்றக் கப்பலைக் காட்டினார். “அந்தக் கொம்பனிக் கப்பல் மாதிரி ஆக்கிப்போட்டீர் என்னை. கறுப்புச் சதுரம் கீறிவிட்டால் பீரங்கி ஆகுமே? அத்தினை பேருக்கு முன்னாலை பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறன்.”

“உங்கடை முகத்தைப் பாக்க ஏலாமல்தான் செய்தனான். நேற்று நீங்கள் சிரிச்சியள். அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் நானூறு கட்டுவன். ஆனா அதை வைச்சு நீங்கள் டெர்மினை விடுவியள் எண்டு எனக்குத் தெரியாது. பிழை என்ரைதான்.”

“போம்” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குப் பின்னேரம் அவர் சாப்பிட வரவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் சண்டை பிடிக்காத சோடி இல்லை அவர்கள். ஆனால் சண்டையென்றால் இரண்டு பேரும் கத்துவார்கள், அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இப்படி ஒரு அமைதி அந்த வீட்டுக்குப் புதிது.

திங்கட்கிழமை சாப்பாட்டுக்கூடத்தில் வத்சலா உருளைக்கிழங்குக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். போன் எடுத்திருப்பாரோ, எடுத்திருப்பாரோ என்று அதே நினைவு. தான் செய்த கூத்தால் இந்த மனிதன் சாகும்வரை கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடவேண்டி வரப்போகிறது என்று நினைக்க, பிள்ளைகளுக்கு முன்னால் அழுகை வந்தது. மூன்று மணிக்கு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

அறைக்கதவு திறந்திருந்தது. அவர் மேசைக்கு முன்னால், கையில் சின்னக் கத்தரிக்கோலோடு இருந்தார். அவள் கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கியிருக்கிறார். கை ஆடியதில் தடித்த கயிறுகளும் மூன்று நாலு அறுந்துபோய், நடுமரம் வலப்பக்கம் சரிந்து நின்றது. மேசை முழுக்க நூல் துண்டுகள்.

“வெட்டக்கூட ஏலாமல் கிடக்கு, வத்சலா” என்றார்.

அவள் கத்தரிக்கோலை வாங்கி வைத்தாள். பக்கத்துக் கதிரையில் இருந்தாள். “போன் எடுத்தனீங்களோ?”

“எடுத்தன். லைனிலை இருக்கச் சொல்லிப்போட்டுப் பாட்டுப் போட்டாங்கள். பாட்டு முடியமுன்னம் வைச்சிட்டன்.”

“ஏன்?”

அவர் நூல் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரியும். கரண்டி ஒவ்வொரு நாளும் மூண்டு வேளையும் உண்மையைச் சொல்லுது. நான்தான் கரண்டியை விட்டுட்டுக் கப்பலை நம்பினன். பசை இறுகுது எண்டு எனக்கு நானே சொன்னன். ஒரு நாளைக்கு மூண்டு முடிச்சுப் போடுறவனுக்கு நானூறு எப்பிடி வரும்? எண்ணத் தெரியாத ஆளே நான்?”

“பிறகேன் டெர்மினை விடப் பாத்தனீங்கள்?”

“பயமாயிருக்கு.”

இந்த மனிதன் இயக்கம், ஆமி, எல்லை, அகதி முகாம் எல்லாம் கடந்து வந்தவர். பயம் என்ற சொல்லை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. அவள் மேசையில் கிடந்த நூல் துண்டுகளைக் கையால் ஒன்றாகக் கூட்டினாள்.

“அந்தக் காலத்து நேவிக் கப்பலிலை கையைக் காலை எடுக்கிறதெண்டாலும் முழிப்பிலைதான் எடுப்பாங்கள். வாயிலை தோல் துண்டைக் குடுத்துப்போட்டு அறுப்பாங்கள். வாசிச்சிருக்கிறன். ஆனா அவங்களுக்குப் போறது காலெல்லோ. எனக்குக் கம்பி போற இடம் மூளை. போகேக்கை நான் கதைச்சுக்கொண்டிருக்கவேணுமாம். கதைச்சுக்கொண்டிருக்கேக்கையே ஒரு சொல் காணாமல் போனால்? பிள்ளையின்ரை பேர் போனால்? உம்மடை பேர் மறந்துபோனால் நான் என்ன செய்யிறது?”

“மறந்தால் நான் சொல்லித்தாறன்” என்றாள் வத்சலா. “ஒரு நாளைக்கு எத்தினை தரம் வேணுமெண்டாலும் சொல்லித்தாறன்.”

அவர் தலையைக் குனிந்து அழுதார். சத்தமில்லாமல், மூக்கைக்கூட உறிஞ்சாமல் அழுதார். அவளும் அழுதாள். பிறகு பசி வந்தது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பசி. அவள் சோறு பிசைந்து கொண்டுவந்தாள். அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவளுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை எசன் ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் மாடி. ரயிலில் வரும்போது அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தரம் எழும்பிக் கதவடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். இடையில் இறங்கிவிடுவாரோ என்று அவள் தரிப்பிடங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் அவரை மறிக்கவில்லை. போவதும் விடுவதும் அவருடைய தலை, அவருடைய முடிவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். பெயர், பிறந்த தேதி, மருந்துகள் எல்லாம் வத்சலா எழுதினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. கடந்த சில மாதங்களில் உங்கள் நடுக்கம் எப்படி இருக்கிறது? கீழே மூன்று பெட்டி. திருந்தியிருக்கிறது. அப்படியே இருக்கிறது. மோசமாகியிருக்கிறது. ஒன்றில் புள்ளடி போடவேண்டும்.

“தாரும்” என்று அவர் பேனையை வாங்கினார்.

பேனை முதல் பெட்டிக்கு மேலே போய் நின்று ஆடியது. வத்சலா சுவரைப் பார்த்தாள். அதில் போட்டால் போதும், உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்குத் திரும்பலாம். யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். பேனை இரண்டாவதுக்கு நகர்ந்தது. மூன்றாவதுக்கு வந்து, பெட்டிக்குள் இறங்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி நின்றது.

அவர் பேனையை அவளிடம் நீட்டினார். “நீர் போடும்.”

“எதிலை?”

“உமக்குத் தெரியாததே?”

அவள் பேனையை வாங்கினாள். நானூறு முடிச்சில் ஒன்றுகூடப் பிசகாத கை. அந்தக் கை இப்போது நடுங்கியது. இந்தப் புள்ளடியைப் போட்டால் அவரை உள்ளே கூட்டிப்போவார்கள். அதற்குப்பிறகு நடப்பது எதையும் அவளால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட முடியாது. ஞானசுந்தரம் அதைக் கண்டார். காகிதம் நழுவாமல் இருக்கத் தன் கையை அதன் ஓரத்தில் வைத்து அழுத்தினார். அவர் கை வைத்ததும் காகிதம் முன்னையைவிடக் கூடப் படபடத்தது. அவர் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

புள்ளடி கோணலாகத்தான் வந்தது. ஆனால் மூன்றாவது பெட்டிக்குள் விழுந்தது.